கருங்கயத்துத் தாரா

நானும் என் கணவரும் பெயர் வைத்த வாத்து இனம் ஒன்று இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் உலகத்தை விட்டே போய்விட்டது. அது திரும்பி வந்துவிட்டது, மேல்பழனி மலையில் அதே கருங்கயம் ஏரியில் நீந்திக்கொண்டிருக்கிறது, நேரில் வந்து பாருங்கள் என்று அழிந்த இனங்களை மறுபடி உயிர்ப்பிக்கும் மீட்பகத்திலிருந்து அழைப்பு வந்தபோது நான் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்திரண்டு வயது. மாடிப்படி ஏறவே நாள் நட்சத்திரம் பார்க்கிறவள், மறுநாள் விடிந்ததும் மலைக்குப் போகிற பேருந்தில் சன்னலோரம் பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.

என் தொழில் வகைப்பாட்டியல். ஓர் உயிர் தனி இனமா, இன்னொன்றின் கிளையா, எந்தக் குடும்பத்தில் சேரும் என்று பார்த்துச் சொல்வது. என் மாமியார் கடைசிவரை, "எங்க மருமக பறவைகளுக்கு ரேஷன் கார்டு எழுதிக் குடுக்குறா" என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்ததில் அதைவிடச் சரியாக எனக்கே சொல்ல வரவில்லை. கார்டில் பெயர் இருந்தால் அந்தப் பறவைக்கு ஏரி உண்டு, காவல் உண்டு, சட்டம் உண்டு. பெயர் இல்லாவிட்டால் அது கறிக்கடைக்குப் போகிற வழியில் நிற்கிற வாத்து.

பேருந்து பூம்பாறைப் பக்கம் திரும்பியதும் பூண்டு வாசனை வந்தது. அந்த வாசனைக்கு நான் தயாராக இருக்கவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் வாந்தி வருகிறதா என்று கேட்டு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

நாற்பத்தாறு வருடங்களுக்கு முன் இதே பாதையில் வந்தபோது எனக்கு இருபத்தாறு, வேதாசலத்துக்கு முப்பத்தொன்று. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒரே ஆராய்ச்சிக் கூடத்தில் எதிரெதிர் மேசை. கருங்கயத்தில் இருக்கும் வாத்துகள் சமவெளியின் புள்ளிமூக்கு வாத்து மாதிரி இல்லை என்று யாரோ எடுத்த மங்கலான படம் ஒன்றை வைத்துக்கொண்டு வேதாசலம் குதித்துக்கொண்டிருந்தார். எங்களோடு கண்காணிப்புக்கு அனுப்பப்பட்ட பேராசிரியை குளிருக்குப் பயந்து மூன்றாம் நாளே மலையிறங்கிவிட்டார். அந்தப் புண்ணியவதியை நான் இன்றைக்கும் நன்றியோடு நினைப்பதுண்டு.

ஏரிக்கரையில் வனத்துறையின் தகரக் கொட்டகைதான் எங்களுக்கு முகாம். காலையில் கதவைத் திறந்தால் புல் முழுக்க உறைபனி. ஏரியிலிருந்து தாராக்கள் வரிசையாக ஏறி வரும். மலையில் யாரும் வாத்து என்று சொல்வதில்லை, தாராதான். அவற்றில் ஓர் ஆண் தாரா நேராக வாசற்படிக்கே வந்து நிற்கும். பச்சை மின்னும் கறுத்த தலை, கம்பீரமான நடை, வால் நடுவில் மேலே சுருண்ட இரண்டு இறகுகள். அதற்குத் துரை என்று பெயர் வைத்தோம். வேதாசலம் தன் பன்னில் பாதியைத் துரைக்குக் கொடுப்பார். மீதியில் பாதி எனக்கு வரும். காட்டுப் பறவை ஒன்று மனிதன் கையிலிருந்து பன் வாங்கித் தின்கிறது என்றால் எந்த ஆராய்ச்சியாளனுக்கும் சந்தேகம் வர வேண்டும். எங்களுக்குப் பெருமை வந்தது.

வந்த நாற்பதாம் நாள் துரையை நாய் கடித்துக் கொன்றுவிட்டது. வேதாசலம் அதன் தோலை உரித்துப் பாடம் செய்தபோது அழுதார். ஆண்பிள்ளை ஒரு வாத்துக்காக அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இவரைத்தான் கல்யாணம் செய்துகொள்வது என்று அப்போது முடிவு செய்தேன், இரண்டு மாதம் கழித்துத்தான் அவருக்கே தெரிவித்தேன்.

அதே வாரத்தில் மீன்வலையில் சிக்கிச் செத்த இன்னொரு தாராவை, மலையில் வாட்சர் என்று அழைக்கும் வனக் காவலர் கொண்டுவந்து கொடுத்தார். மங்கலான நிறம், கழுத்து கிழிந்திருந்தது, வாலில் சுருள் இல்லை. அதையும் பாடம் செய்தோம். ஆக, கையில் இரண்டு தோல்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது அந்தப் பெயரை ஒரே ஒரு உடலோடு கட்டிவிட வேண்டும். அதற்கு வகைமாதிரி என்று பெயர். நிலத்துக்கு எல்லைக்கல் மாதிரி. நாளைக்கு எந்தத் தகராறு வந்தாலும் அந்தக் கல்லிலிருந்துதான் அளப்பார்கள். இரண்டு தோல்களில் எதை வகைமாதிரி ஆக்குவது என்ற கேள்விக்கு எங்களுக்கு இரண்டு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

"பேரு துரை மேலேயே இருக்கட்டும், அரசி," என்றார் வேதாசலம். என் முழுப்பெயர் மங்கையர்க்கரசி.

இருக்கட்டும் என்றேன். இனத்துக்கு மேட்டுத் தாரா என்று பெயர் வைத்து, அதன் முதல் அடையாளம் வாலின் சுருள் இறகு என்று எழுதினோம். வலையில் செத்த பறவைக்குச் சுருள் இல்லாததை, இளம் ஆண், இன்னும் முளைக்கவில்லை என்று ஒரே வரியில் தாண்டிப் போனோம்.

அந்தக் கட்டுரைக்காக நாங்கள் வாங்கிய அடி கொஞ்சமில்லை. ஒரு மாநாட்டில் பெரியவர் ஒருவர், புள்ளிமூக்கு வாத்து கோடை விடுமுறைக்கு மலையேறியிருக்கிறது, அதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்டுச் சபையைச் சிரிக்க வைத்தார். சுருள் வால் வடக்கே வாழும் காட்டு வாத்துகளுக்கு உண்டு, பழைய உறவின் எச்சம் இந்த மலையில் மட்டும் தங்கியிருக்கிறது என்று வேதாசலம் பதினோரு வருடம் வாதாடினார். கடைசியில் உலகப் பட்டியலில் தனி இனமாக ஒரு வரி ஏறியது. வீடு வாசல் என்று அவர் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்த்தது அந்த ஒரு வரிதான்.

பட்டியலில் ஏறிய ஐந்தாம் வருடம் ஏரியில் நீரேற்று மின்நிலையம் வந்தது. பகலில் தண்ணீரை மேலே ஏற்றுவது, மாலையில் இறக்குவது. தினம் இரண்டு ஆள் உயரம் ஏறி இறங்கும் தண்ணீரில் எந்தப் பறவை கூடு கட்டும்? அடுத்த சில வருடங்களில் கருங்கயத்தில் ஒரு தாராகூட இல்லை. மின்நிலையத்தை மூட வைக்க வேதாசலம் படியேறாத அலுவலகம் கிடையாது. மூடினார்கள், அவர் போய்ச் சேர்ந்த மறுவருடம்.

ஜீப் ஏரிக்கரையில் நின்றதும் மீட்பகத்தின் பதிவாளர் ரெஹானா ஓடி வந்து என் கையைப் பிடித்து இறக்கினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாமல் பேசுகிறவள், ஆனால் தன் வேலையில் ஒரு நூல் பிசகமாட்டாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவளுக்குப் பின்னால் தண்ணீரில் அறுபத்தொரு தாராக்கள் இருந்தன.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். புல்லில், ஈரத்தில். அவை கரையேறி வந்தன. அதே நடை. அதே கரகரத்த குரல். ஓர் ஆண் தாரா என் செருப்பைக் கொத்திப் பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. வாலில் இரண்டு இறகுகள் சுருண்டிருந்தன. எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது. ரெஹானா தண்ணீர் பாட்டிலோடு பக்கத்திலேயே நின்றாள்.

எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"உங்க வகைமாதிரியோட கால் விரல் தோல்லேர்ந்துதான் மேடம். ஒரு பொடித் துணுக்கு போதும், முழு மரபு வரிசையையும் படிச்சிரலாம். ஆண் பறவைங்கறதால பெட்டைக்கான பகுதியை மட்டும் சமவெளி வாத்துலேர்ந்து வாங்கினோம். முட்டை வெச்சது வாத்து, அடைகாத்தது மிஷின், குஞ்சு மட்டும் மேட்டுத் தாரா. ஏழு வருஷ வேலை."

"ரெண்டாவது தோல் ஒண்ணு இருக்குமே?"

"அதைத் தொட அனுமதி இல்லை. சட்டப்படி வகைமாதிரிலேர்ந்துதான் மீட்கணும். பேரு அதுமேலதானே இருக்கு."

மாலை வெயில் சாயும்போது அவள் எனக்கு ஒரு வேடிக்கை காட்டினாள். தாராக்கள் தண்ணீரை விட்டு வெளியே வந்து, ஒற்றை வரிசையாக, மேட்டில் ஏறி நடக்கத் தொடங்கின. தினமும் இப்படித்தான், சரிவில் இருக்கும் ஒரு வீட்டு வாசல்வரை போய் ராத்திரி அங்கேயே அடைந்துகொள்கின்றன என்றாள். பொரிப்பகத்தில் மனிதர்களோடு வளர்ந்த பழக்கம், இரண்டு தலைமுறையில் போய்விடும் என்று அவள் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். யார் வீடு என்று கேட்டேன். பழைய காவலர் குழந்தைவேலு என்றாள்.

வலையில் செத்த தாராவைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். எங்களுக்கு விறகும் வெந்நீரும் கொடுத்தவரும் அவர்தான். நான் வரிசையின் கடைசித் தாராவுக்குப் பின்னால் அறுபத்திரண்டாவது ஆளாக மேடேறினேன்.

குழந்தைவேலு அண்ணனுக்கு எழுபத்தெட்டு. பல் இல்லை, பார்வை மட்டும் கூர்மை. என்னைக் கண்டதும் எழுந்து நின்று பழைய பழக்கத்தில் நெற்றிக்குக் கை உயர்த்தினார். சார் போய்விட்டதைக் கேள்விப்பட்டேன் என்றார். அவர் மனைவி வெள்ளத்தாயியும் இறந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. சுவரில் வெள்ளத்தாயியின் படமும், பக்கத்தில் வனத்துறை கொடுத்த சிறந்த காவலர் சான்றிதழும் தொங்கின. முற்றத்தில் தாராக்கள் சத்தமாகத் தவிட்டைத் தின்றன. கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். சந்தோஷம்தானே அண்ணே, நம்ம தாரா திரும்பி வந்துவிட்டது என்றேன்.

அவர் தன் காப்பியைத் திண்ணையில் வைத்தார்.

"சந்தோசந்தான் மேடம். ஆனா இது நம்ம ஏரித் தாரா இல்ல. எங்க வீட்டுத் தாரா."

நான் சிரித்தேன். சுருள் வாலைக் காட்டினேன். கட்டுரையில் எழுதியதைப் பாடம்போல் ஒப்பித்தேன்.

"அந்தச் சுருளு மைனரோட சுருளு மேடம்," என்றார்.

பிறகு சொன்னார். பிள்ளை இல்லாத வீடு. மலையில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் வெள்ளத்தாயி பெரியகுளத்துப் பிறந்த வீட்டிலிருந்து ஏழு நாட்டுத் தாராக்களைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அதில் ஒரே ஓர் ஆண், வாலைச் சுருட்டிக்கொண்டு மிடுக்காக நடக்கும், அதனால் மைனர் என்று பெயர். சரணாலய எல்லைக்குள் வளர்ப்புப் பறவை வைத்திருந்தால் காவலர் வேலை போய்விடும். வீட்டுக்குள் அடைத்து வைத்துத்தான் வளர்த்தார்கள். ஆனால் மைனர் அடங்குகிற ஜாதி இல்லை. சுவரேறிக் குதித்து ஏரிக்குப் போய்விட்டது. இரண்டே வருடத்தில் ஏரிக்கரையில் சுருள் வால் குஞ்சுகள் தென்பட்டன.

"உங்க துரை மைனரோட மகன் மேடம். அதான் வாசலுக்கு வந்துச்சு. வெள்ளத்தாயி கையில தவிடு தின்னு பழகுனது. நான் தினக்குறிப்புல, ஏரியில வளப்புப் பறவை ஏதும் இல்லைன்னு பதினோரு வருசம் எழுதுனேன்."

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"மொதல்ல பயம். அப்புறம் பேப்பர்ல படத்தோட வந்துருச்சு. சார் வந்து கட்டிப்பிடிச்சுக்கிட்டாரு. அப்ப எப்படிச் சொல்றது? நீங்களும் என்கிட்ட ஏரி ஆழம் எவ்வளவு, மழை எப்பன்னு கேட்டீங்களே தவிர, இந்தத் தாரா யாரோடதுன்னு ஒரு நா கேக்கல."

உண்மைதான். மூன்று மாதம் அவர் வைத்த வெந்நீரில் குளித்தோம். ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தக் காலத்து மரபுச் சோதனையும் எங்களைக் காப்பாற்றவில்லை. தாய்வழி வரும் சிறு துண்டை மட்டும்தான் அப்போது பார்ப்போம். துரையின் தாய் ஏரித் தாரா. தகப்பனைப் பற்றி அந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது. முழு வரிசையைப் படித்த மீட்பகமும், அதில் தெரிந்த வடக்கு வாத்தின் சாயலை நாங்கள் எழுதிவைத்த பழைய உறவு என்றே எடுத்துக்கொண்டிருக்கும்.

மறுநாள் ரெஹானாவிடம், வேறு ஏதோ ஓர் இனத்தைப் பற்றிப் பேசுவதுபோல, மீட்கப்பட்ட பறவை கலப்பு என்று பின்னால் தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"அகற்றணும் மேடம். சரணாலயத்துல கலப்பு இருக்கக் கூடாது."

"அகற்றணும்னா?"

"வாயு வெச்சுத் தூங்க வெச்சிருவாங்க. வலிக்காது. அதுக்கப்புறம் சரியான தோல்லேர்ந்து மறுபடி மீட்கலாம். ஆனா ரெண்டும் சேர்ந்து இருக்க முடியாது. ஒரு பேருக்கு ஒரு மீட்புதான்."

ஆக விஷயம் இவ்வளவுதான். நான் வாயைத் திறந்தால் முற்றத்தில் தவிடு தின்னும் அறுபத்தொரு உயிரும் சாகும். என் கணவரின் அந்த ஒரு வரியும் சிரிப்புக்கு இடமாகும். வாயைத் திறக்காவிட்டால், அலமாரியில் கழுத்து கிழிந்து கிடக்கும் அந்த மங்கலான தோலுக்கு இனி உயிர் கிடையாது. அதன் பெயரில் வேறொன்று நீந்திக்கொண்டிருக்கும். தோலும் இன்னும் பத்து வருடம் தாங்காது.

நான் வாயைத் திறக்க விரும்பவில்லை. வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். மூன்று நாள் காலையும் மாலையும் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் குளிர்காலம் அப்படியே திரும்பக் கிடைத்திருந்தது. தாராக்கள் புல்லில் ஏறி வரும்போது பின்னால் வேதாசலம் இருமுவது கேட்டதுபோல் இருந்தது. இதைக் கெடுத்துக்கொள்ள எனக்கென்ன தலையெழுத்து? ஒரு தப்பு நாற்பத்தாறு வருடம் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இருந்தால், அதை இன்னும் ஒரு நாற்பது வருடம் தூங்க விடலாம் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் குழந்தைவேலு அண்ணன் கம்பை ஊன்றிக்கொண்டு கரைக்கு வந்தார். இரண்டாவது தோலைப் பற்றி நான்தான் அவரிடம் வாய் தவறிச் சொல்லியிருந்தேன்.

"அந்த வலையில செத்தது நெசத் தாரா மேடம். அதுக்கு வழி இருக்குன்னா செஞ்சுருங்க. எங்க வீட்டுத் தாரா போயி அதோட எடத்துல உக்காந்துருக்கு. எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

இவற்றைக் கொன்றுவிடுவார்கள் என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. முற்றத்தில் வெள்ளத்தாயி இல்லாத பதினெட்டு வருடம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் ஒன்பது வருடம் அப்படித்தான் போயிற்று. ஒரு வயசான மனிதரைத் தன் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்த உயிர்களைத் தன் கையாலேயே காட்டிக்கொடுக்கச் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் எதிரில் ஏரியைப் பார்த்தபடி நின்றேன்.

அப்போதுதான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. கலப்பு என்று எழுதினால்தான் சாவு. வேறு மாதிரி எழுதினால்?

அன்று மத்தியானம் ரெஹானாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தில் ஏழு வருடம் இடிந்து விழுந்ததைப் பார்த்தேன். அழவில்லை, எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து சட்டப் புத்தகத்தைத் திறந்தாள். தகப்பன் வளர்ப்புப் பறவை என்று நிரூபித்து, உடையவர் உரிமை கோரினால், அதன் வம்சமும் வளர்ப்புப் பறவைதான். காட்டுயிர்ச் சட்டம் அதைத் தொடக்கூடாது. உடையவரிடம் ஒப்படைக்க வேண்டும். இப்படி ஒரு பிரிவை நான் பாதி நினைவில் வைத்திருந்தேன், அவள் பக்கத்தோடு எடுத்துக் காட்டினாள்.

மீட்பகம் தன்னுடையது என்று சொன்னால் என்ன செய்வது என்றேன்.

"வீட்டு வாத்தை ஏழு வருஷம் பாடுபட்டு உண்டாக்கினோம்னு எந்த இயக்குநர் மேடம் கையெழுத்துப் போடுவாரு?" என்றாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

உரிமை கோருவதென்றால் குழந்தைவேலு அண்ணன் தன் குற்றத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். சரணாலயத்துக்குள் வளர்ப்புப் பறவை வைத்திருந்தது, பதினோரு வருடம் தினக்குறிப்பில் பொய் எழுதியது, எல்லாம். அவர் எழுதினார். இன்னார் மனைவி வெள்ளத்தாயி வளர்த்த மைனர் என்னும் ஆண் தாராவின் வம்சம் என்று தன் கையாலேயே எழுதினார். இரண்டு மாதத்தில் துறையிலிருந்து ஆள் வந்து சுவரில் இருந்த சான்றிதழை வாங்கிப்போனான். காவலராக அவர் பணியாற்றிய காலம் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது என்று ஒரு கடிதமும் வந்தது.

என் பங்குக்கு நான் அதே ஆய்விதழில், எங்கள் வகைமாதிரி ஒரு வீட்டு வாத்தின் மகன் என்றும், சுருள் வால் எங்கள் தவறு என்றும் எழுதினேன். பெயரைத் துரையிடமிருந்து எடுத்து, வலையில் செத்த பறவையின் தோலுக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மாநாட்டுப் பெரியவரின் சீடப்பிள்ளைகள் ஒரு மாதம் என்னை வைத்துச் சிரித்தார்கள். அதை வேதாசலம் கேட்க வேண்டியிருக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தாராக்களை எல்லைக்கு வெளியே கொண்டுபோக வண்டி தேவைப்படவில்லை. அண்ணன் தன் தம்பி மகனின் பூண்டுத் தோட்டத்துப் பக்கம் குடிபெயர்ந்தார். அவர் முன்னால் நடக்க, அறுபத்தொன்றும் வரிசையாகப் பின்னால் போயின. ரோட்டில் காரட் லாரிகள் நின்று வழிவிட்டன.

பெயர் மாற ஒரு வருடம், மீட்க மூன்று வருடம். எனக்கு எழுபத்தாறு ஆனபோது மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை ஒரு படிவமும் வந்தது. மீட்கப்பட்ட இனத்தை முன்பு இயற்கையில் உயிருடன் கண்டவர் ஒருவர் நேரில் பார்த்து, இது அதுதான் என்று உறுதிமொழி தர வேண்டும். முதல் மீட்பில் நடந்த குளறுபடிக்குப் பிறகு கொண்டுவந்த விதியாம். மேட்டுத் தாராவை உயிருடன் பார்த்த ஆராய்ச்சியாளர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான் என்று ரெஹானா எழுதியிருந்தாள். அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனேன்.

விடிகாலையில் கோரைக்குள் கட்டிய தட்டி மறைவில் மூவரும் உட்கார்ந்தோம். பேசக்கூடாது, இருமக்கூடாது. இந்தப் பறவை மனிதர் வாடைக்கே விலகிவிடுகிறது, விட்ட நாளிலிருந்து நான்கு தடவைதான் கண்ணில் பட்டது என்று ரெஹானா முன்பே சொல்லிவைத்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. மூடுபனி கொஞ்சம் விலகியது. அக்கரைக் கோரையின் நிழலிலிருந்து ஏதோ ஒன்று சத்தமில்லாமல் வெளியே வந்தது.

தொலைநோக்கியை வைத்துப் பார்த்தேன். சிறிய தலை. தண்ணீரோடு தாழ்ந்த உடம்பு. ஈரப் பாறையின் நிறம். வால் நேராக இருந்தது. மெல்ல முனகுவதுபோல் ஒரே ஒரு முறை குரல் கொடுத்தது, கழுத்தை நீட்டித் தண்ணீருக்குள் போயிற்று, பிறகு காணவில்லை. அவ்வளவுதான். பத்து மூச்சு விடும் நேரம்கூட இருக்காது.

"இதான்," என்றார் அண்ணன் மிகத் தாழ்ந்த குரலில். "இதேதான் மேடம். அக்கரையில இப்படித்தான் இருக்கும். கரைக்கு வரவே வராது."

நான் என் நினைவைத் துழாவினேன். மூன்று மாதம், நாற்பது குறிப்பேடு, நானூறு படங்கள். கொட்டகைக்கு முன்னால் நடந்தவை, கரகரத்தவை, புல்லில் வெயில் காய்ந்தவை, பன்னுக்குச் சண்டை போட்டவை. அவற்றில் ஒன்றுகூட இந்தப் பறவை இல்லை. நான் அந்த மூன்று மாதமும் பார்த்தது மைனரின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும்தான். இதன் செத்த உடம்பை மட்டும் கையில் வைத்து அளந்திருக்கிறேன். இதன் வாழ்க்கையை எழுதினேன், குரலை எழுதினேன், நடையை எழுதினேன். எல்லாம் வேறு பறவையுடையது.

அழுகை வந்தது. என் தப்புக்காக இல்லை. வேதாசலமும் இதைப் பார்த்ததில்லை. பதினோரு வருடம் வாதாடி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, கடைசிவரை பார்த்துவிட்டோம் என்ற நிறைவோடு போய்விட்டார். அவர் காதலித்ததும் நான் காதலித்ததும் இப்போது பூண்டுத் தோட்டத்தில் தவிடு தின்கிறது. அவரிடம் சொல்ல இப்போது வழியில்லை. சொல்லியிருக்கவும் மாட்டேன்.

தட்டியை விட்டு வெளியே வந்ததும் ரெஹானா படிவத்தை நீட்டினாள். முன்பு கண்டதுண்டா, ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். நான் இல்லை என்பதில் குறியிட்டேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். "மேடம், நீங்கதானே இதுக்குப் பேரு வெச்சவங்க?"

"பேரு வெச்சேன்மா. பார்த்தது அவருதான். அவர்கிட்ட வேற ஒண்ணு குடு."

விதியில் ஆராய்ச்சியாளர் என்று இல்லை, கண்டவர் என்றுதான் இருந்தது. அவள் ஒரு கணம் விதியைப் படித்தாள், பிறகு புதுப் படிவம் ஒன்றை எடுத்து அண்ணனிடம் கொடுத்தாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஆம் என்பதில் அழுத்திக் குறியிட்டார். பெயர் எழுதினார், ஊர் எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"தொழில்னு கேட்டுருக்கு மேடம். என்ன எழுத?"

"வாட்சர்னு எழுதுங்கண்ணே," என்றேன்.

அவர் ரெஹானாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். எழுதினார்.